கோபுரம் வேண்டாம், கம்பி போதும்

ஹாம் ரேடியோ என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, வீட்டைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும் இரும்புக் கோபுரமும் அதன் உச்சியில் சுழலும் அலுமினியக் கிளைகளும்தான். அந்தப் படமே இந்தக் கலையை நடுத்தரக் குடும்பங்களிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறது. கோபுரத்துக்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும், அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் அதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் பல்லடம் போன்ற ஒரு ஊர், ஆபத்துக் காலத்தில் யார் யாரோடு பேச வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், கோபுரத்துக்கு வேலையே இல்லை. மொட்டை மாடியில் ஒரு இருபதடி பைப்பை நட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கிக் கட்டிய 20 மீட்டர் செம்புக் கம்பி போதும். தமிழ்நாடு முழுவதும் எட்டிப் பேச அந்தத் தாழ்ந்த கம்பி, உயர்ந்த கோபுரத்தை விட நன்றாகவே வேலை செய்யும். எனவே அப்படிப்பட்ட கம்பிகள் நம் வீடுகளிலும் கல்லூரிகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் ஏற வேண்டும். வீட்டு உரிமையாளர்களும் குடியிருப்போர் சங்கங்களும் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் ரேடியோ யாரும் ஒளிந்து நடத்தும் காரியம் அல்ல. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்து உரிமம் தருகிறது. 12 வயது நிரம்பிய எந்த இந்தியரும் எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் முதல் நிலை உரிமம் கிடைக்கும். மோர்ஸ் தந்திக் குறியும் படித்தால் அடுத்த நிலை. உரிமம் பெற்றவருக்கு உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு அழைப்புக்குறி வழங்கப்படுகிறது. ராஜீவ் காந்திக்கும் அப்படியொன்று இருந்தது: வி.யு.2.ஆர்.ஜி. தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்படக்கூடிய ஒரு தொடக்கமும் உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் சென்னையில் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் நடத்தினார். அரசு வானொலி என்ற ஒன்று உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆர்வலர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஊருக்குப் பாட்டும் பேச்சும் கேட்கச் செய்தார்கள். பணமுடையால் கிளப் மூடப்பட்டபோது அந்த ஒலிபரப்பியை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930 முதல் தானே நடத்தியது. தனிமனிதர்களின் ஆர்வம் பொதுச் சேவையாக மாறுவது நமக்குப் புதிதல்ல.

இப்போது தாழ்ந்த கம்பியின் கதைக்கு வருவோம். ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று 7 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 7.0 முதல் 7.2 வரை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த அலை நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. பூமிக்கு மேலே சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. எந்தக் கோணத்தில் மேலே போகிறதோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு தூரத்தில் கீழே இறங்கும் என்பது அமையும். அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ இறங்கும். தலைக்கு மேலே செங்குத்தாகப் போனால், தண்ணீர்க் குழாயைக் கூரை நோக்கிப் பீய்ச்சினால் சுற்றிலும் தெறித்து விழுவது போல, நம்மைச் சுற்றி நானூறு கிலோமீட்டர் வட்டம் முழுவதும் விழும். இடையில் மலை இருந்தாலும் பள்ளத்தாக்கு இருந்தாலும் கவலை இல்லை, மேலிருந்து விழுவதற்கு எதுவும் மறைப்பாகாது.

எந்தக் கோணத்தில் அலை கிளம்பும் என்பதைத் தீர்மானிப்பது கம்பியின் உயரம். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். கிடைமட்டமாகக் கட்டிய கம்பியை அதில் பாதி உயரத்தில், அதாவது 20 மீட்டருக்குச் சற்று மேலே வைத்தால், தரையில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே மேலே போகும் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். செங்குத்தாக எதுவுமே போகாது, பெரும்பங்கு முப்பது பாகைக் கோணத்தில் தொலைதூரம் பார்த்துப் போய்விடும். அதே கம்பியைப் பத்து மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் இரண்டும் கூடிக்கொண்டு, அதிகபட்ச சக்தி நேரே மேலே போகிறது. கோபுரம் கட்டியவர் லண்டனோடு பேசுவார், நாகப்பட்டினத்தைத் தவற விடுவார். மொட்டை மாடிக்காரர் நாகப்பட்டினத்தோடு பேசுவார். நமக்கு எது முக்கியம் என்பதுதான் கேள்வி.

வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். பல்லடத்திலிருந்து நேர்கோட்டில் ஊட்டி சுமார் 80 கிலோமீட்டர், மதுரையும் வயநாட்டுக் கல்பற்றாவும் 150, நாகப்பட்டினம் 280, கன்னியாகுமரி 320, சென்னை 400. தமிழ்நாட்டில் பேரிடர் அடிக்கடி வந்து போகும் இடங்கள் எல்லாமே அந்த ஒரே வட்டத்துக்குள் அடங்குகின்றன. இதோடு இந்த ஊர் கடலிலிருந்து வெகு தொலைவில், சமதளத்தில், புயலும் வெள்ளமும் பெரிதாக எட்டிப் பார்க்காத மேட்டு நிலத்தில் இருக்கிறது. "எங்களுக்குப் புயலே வராதே, எங்களுக்கு எதற்கு ஹாம் ரேடியோ?" என்பதுதான் இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு. என் பதில், புயல் வராத ஊரில்தான் அது வேண்டும் என்பது. அடிபட்ட ஊரிலிருந்து வரும் மெல்லிய குரலை வாங்கிக்கொள்ள, கரண்ட் இருக்கிற, சாலை இருக்கிற, மனிதர்கள் நிதானமாக உட்கார்ந்து எழுதிக்கொள்ள முடிகிற ஒரு இடம் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், டீசல் இருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்குப் பிறகு கையில் இருக்கும் போன் வெறும் டார்ச் லைட்தான். கொங்கு மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் டெல்டாவுக்குப் போய் நாள்கணக்கில் கம்பம் நட்டார்கள். அவர்களோடு ஒரு சிறு ரேடியோவும் கார் பேட்டரியும் போயிருந்தால், இங்கே ஒரு மாடிக் கம்பி அவர்களோடு பேசியிருக்கும்.

"போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு அண்டை மாநிலத்து அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தபோது, கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்திலேயே ஹாம்கள் ஒரு கட்டுப்பாட்டு நிலையம் அமைத்தார்கள். சூரல்மலைப் பக்கம் தொலைபேசி சரியாக எடுக்காத இடங்களிலிருந்து மீட்புப் பணிக்கான செய்திகள் அந்த வழியாகப் போயின. இதைவிட அழுத்தமான சான்று அந்தமானில் இருக்கிறது. 2004 டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. பேரிடருக்காகப் போகவில்லை, நெடுங்காலம் ஹாம் நிலையம் எதுவும் இயங்காத தீவிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசும் ஆர்வத்தில் போனார்கள். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கிக் கடல் பொங்கியது. தொலைபேசிகள் செத்தன. அவர்கள் தங்கியிருந்த விடுதியில் ஆன்டெனா கட்டியபடி இருந்தது, கருவி ஓடிக்கொண்டிருந்தது, எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே போகும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாக இருந்தது. அன்றைக்கே செய்திகள் போகத் தொடங்கின. ஆபத்து வந்த பிறகு ஆன்டெனா கட்டக் கிளம்பினால் முதல் நாள் கயிறு தேடுவதிலேயே போய்விடும். கம்பி ஏற்கெனவே மேலே இருக்க வேண்டும், அதில் தினமும் யாராவது பேசிப் பழகியிருக்க வேண்டும். விளையாட்டாகப் பேசும் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு அதுதான்.

நம் வானத்துக்கும் ஒரு தனி வாகு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டருகே இருப்பதால்தான் 1963இல் முதல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே காரணத்துக்காகத்தான் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குகிறது, கொடைக்கானல் ஆய்வகத்திலும் அயனி மண்டலத்தை அளந்தார்கள். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் பகல் நேர அயனி மண்டலம் அடர்த்தியானது. செங்குத்தாக அனுப்பும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை வடக்கு ஐரோப்பாவில் பல நாள்களில் விண்ணைத் துளைத்துக்கொண்டு போய்விடும். நம் தலைக்கு மேல் பகலெல்லாம் பெரும்பாலும் திரும்பி வரும். உச்சி வெயிலில் மட்டும் கீழ் அடுக்கு சற்று உறிஞ்சிக்கொள்வதால் குரல் மங்கும். எனவே குளிர்நாட்டுக்காரர் எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு "இது வேலை செய்யாது" என்று முடிவு கட்டுவது நமக்குப் பொருந்தாது.

கட்டுவது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இது எவ்வளவு எளிது என்று புரியும். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1க்கு அது 20 மீட்டர் சொச்சம், பக்கத்துக்குப் பத்து மீட்டர். நம் ஊரில் நாற்பதுக்கு அறுபது அடி மனை, அதாவது ஐந்தரை சென்ட், சாதாரணம்; அதன் மூலைவிட்டம் 72 அடி. 66 அடிக் கம்பி மூலைக்கு மூலை சரியாக உட்காரும். மூன்று சென்ட் மனையாக இருந்தால் நுனிகளைக் கொஞ்சம் மடக்கித் தொங்கவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை. மாடி நடுவே இருபதடி ஜி.ஐ. பைப், அதன் உச்சியில் பி.வி.சி. துண்டு ஒன்றில் துளை போட்டு இரண்டு கம்பிகளையும் முடிந்து, கவிழ்த்த 'வி' போல இரு பக்கமும் சரித்து இறக்க வேண்டும். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒன்றரை எம்.எம். ஒயரே போதும், மோட்டார் வைண்டிங் கடைச் செம்புக் கம்பியும் ஆகும். நுனிகளில் மின்கம்ப ஸ்டே கம்பியில் பார்க்கிறோமே, அந்த முட்டை இன்சுலேட்டர். அதற்கப்பால் நைலான் கயிறு. கீழே வரும் கேபிளை உச்சியிலேயே பி.வி.சி. பைப்பில் பத்துச் சுற்று சுற்றிவிட்டால், அலை கேபிளின் வெளிப்புறம் வழியாக வீட்டுக்குள் இறங்குவது பெருமளவு நிற்கும். கணக்கை விடக் கால் மீட்டர் கூடுதலாக வெட்டிக் கட்டி, மீட்டர் வைத்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். இரு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் வெட்டினால் கம்பி ஒத்திசையும் அதிர்வெண் ஏறத்தாழ 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். பொறுமைதான் இங்கே முக்கியமான கருவி. வெட்டிய கம்பி வளராது.

பல்லடத்துக்கு என்று ஒரு தனிச் சிக்கல் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இறங்கும் காற்றை நம்பித்தான் கேத்தனூர் முதல் உடுமலை வரை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் பெரிய அலுமினிய ஆன்டெனாவைக் கோபுரத்தின் உச்சியில் நிறுத்துவது செலவும் ஆபத்தும் நிறைந்தது. கம்பிக்குக் காற்று பிடிக்கும் பரப்பே கிடையாது. ஆனால் கம்பியின் ஒரு நுனியைத் தென்னை மரத்தில் கட்டினால், மரம் ஆடும் ஆட்டத்தில் ஒரே இரவில் அறுந்துவிடும். கயிற்றை மரத்தில் முடியாமல், ஒரு சின்னக் கப்பி வழியாக இறக்கி, நுனியில் மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிட வேண்டும். மரம் சாயும்போது கேன் மேலே ஏறும், நிமிரும்போது இறங்கும், கம்பியின் இழுவை மாறவே மாறாது. இவ்வளவு சின்ன உபாயம் எந்தக் கான்கிரீட் அடித்தளத்தையும் தேவையற்றதாக்கிவிடுகிறது.

உயரம் தேவைப்படும் ஒரு இடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். அலை அயனி மண்டலத்தில் திரும்பாது. கண்ணுக்கு எட்டும் தூரத்தை விடச் சற்றுக் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அங்கே கோபுரம் கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று கிடைக்கும். மாடி மேல் 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 14 கிலோமீட்டர். எதிர்முனையிலும் அதே உயரம் என்றால் 28. பல்லடத்திலிருந்து திருப்பூரும் சூலூரும் அதற்குள் வந்துவிடுகின்றன. இந்த உயரத்தை நான்கு மடங்கு ஆக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும். அந்தச் செலவை ஒவ்வொரு வீடும் செய்வதை விட, குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று மலை மேல் பொதுவாக இருந்தால் அத்தனை பேருக்கும் பயன்படும். ஆன்டெனாவும் பெரிதல்ல, அரை மீட்டர் தண்டு ஒன்றும் அதன் அடியில் நான்கு கம்பிகளும். உயரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கேபிளுக்குச் செலவிடலாம்: மெல்லிய கேபிள் இருபது மீட்டர் ஓடினாலே இந்த அலைவரிசையில் ஏறக்குறையப் பாதி சக்தி வழியிலேயே சூடாகிப் போய்விடும்.

ஆபத்துகளைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மின்கம்பி. ஆன்டெனா பைப்பை நிமிர்த்தும்போது அது மின்கம்பியில் சாய்ந்து உயிர் போவது உலகெங்கும் நடந்திருக்கிறது. தறிக்கூடங்களுக்கும் காற்றாலைகளுக்குமாக உயரழுத்தக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நம் வட்டாரத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பைப் எந்தப் பக்கம் விழுந்தாலும், கம்பி எந்த இடத்தில் அறுந்தாலும், மின்கம்பியைத் தொட முடியாத இடம் கிடைத்தால் கட்டலாம். கிடைக்காவிட்டால் கட்டக் கூடாது. மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனாக் கம்பியைக் கடத்துவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அடுத்தது இடி. தண்ணீர்த் தொட்டியையும் தென்னையையும் விடத் தாழ்ந்து தொங்கும் கம்பி இடியை வலிய இழுப்பதில்லை. ஆனாலும் பக்கத்தில் எங்கே விழுந்தாலும் கம்பியில் பாயும் மின்னழுத்தம் கருவியை எரிக்கும், ஆளையும் தாக்கலாம். சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும், வானம் கருக்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். எர்த் விஷயத்தில் நம் மண் சோதிக்கும். மேலே செம்மண், கொஞ்சம் தோண்டினால் பாறை, வருடத்தில் பாதி நாள் ஈரமே இராது. ஒற்றைக் கம்பியை அரையடி அடித்துவிட்டு எர்த் போட்டாயிற்று என்று சொல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. கரியும் உப்பும் போட்ட சரியான குழி, கோடையில் தண்ணீர் ஊற்றும் பழக்கம், ஆன்டெனா எர்த்தையும் வீட்டு எர்த்தையும் தடித்த கம்பியால் இணைப்பது ஆகிய மூன்றும் வேண்டும்.

பக்கத்து வீட்டார் பயப்படுவது பெரும்பாலும் கதிர்வீச்சுக்குத்தான். அந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது, கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். ஹாம் நிலையம் சாதாரணமாக அனுப்புவது 100 வாட்டுக்குள். அதுவும் பேசும்போது மட்டும். மீதி நேரமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் இந்த அளவு சக்திக்குக் கம்பியிலிருந்து சில மீட்டர் தள்ளி இருந்தாலே சர்வதேச வரம்புக்குள் வந்துவிடுகிறது. அருகில் போய்த் தொட்டால்தான் சுடும். குறிப்பாகக் கம்பியின் நுனியில் அழுத்தம் அதிகம். ஆகவே நுனிகள் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் முடிய வேண்டும். டி.வி.யில் கோடு விழும், ஸ்பீக்கரில் குரல் கேட்கும் என்ற குறையில் உண்மை உண்டு. கேபிளில் சுற்றுப் போடுவதும் சக்தியைக் குறைப்பதும் ஹாமின் பொறுப்பு. அண்டை வீட்டாரின் புகாரைத் தீர்த்து வைக்காத ஹாம், அடுத்து வரும் பத்துப் பேருக்கும் கதவை அடைக்கிறார். இடைஞ்சல் எதிர்த்திசையிலும் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலிவான எல்.இ.டி. பல்புகளும் போன் சார்ஜர்களும் சோலார் இன்வர்ட்டர்களும் புதுத் தறிகளின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் எழுப்பும் இரைச்சலில் நகரத்து ஹாமுக்குத் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்பதே இல்லை.

இன்னொரு தயக்கம் ஆழமானது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் மேல் விளங்காத கம்பி ஒன்று தொங்கினால் சந்தேகப்படும் பழக்கத்துக்கு வரலாறு உண்டு. 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு விடுதலைப் புலிகளின் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளைப் பறிமுதல் செய்ததும், அவற்றைத் திருப்பிக் கேட்டுப் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்ததும், பிறகு வந்த கொடிய ஆண்டுகளும் பொதுநினைவில் பதிந்துவிட்டன. பல்லடத்துக்குப் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் இந்த எச்சரிக்கை இயல்பானது. இதற்குப் பதில், ஒளிவு மறைவின்றி நடப்பதுதான். உரிமத்தின் நகலை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து வைக்கலாம், அழைப்புக்குறியை வாசலில் எழுதி வைக்கலாம், அண்டை வீட்டுப் பிள்ளைகளை அழைத்து ஒரு மாலை கேட்க வைக்கலாம். விமானத் தளத்தின் உயரக் கட்டுப்பாடுகளைப் பொறுத்தவரை, சுற்றியுள்ள தென்னையை விடத் தாழ்ந்த கம்பி யாரையும் தொந்தரவு செய்யாது. கோபுரம் என்றால் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும். அங்கேயும் கம்பியே வெல்கிறது.

அழகைக் கெடுக்கிறது என்று அடுக்ககச் சங்கங்கள் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1980களின் இறுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடிப்பதற்காகக் கொங்கு நாட்டில் ஓட்டு வீட்டுக்கு ஓட்டு வீடு பைப் நட்டு மீன்முள் ஆன்டெனா கட்டினோம். அதற்குப் பிறகு கேபிள் ஒயர்கள் தெருவெல்லாம் தொங்கின, இப்போது சுவருக்குச் சுவர் டிஷ். பொழுதுபோக்குக்காக இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட ஊர், அரசு உரிமம் பெற்ற ஒருவரின் மெல்லிய கம்பியைப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1985லேயே, உள்ளூர் நிர்வாகங்கள் அமெச்சூர் ஆன்டெனாக்களுக்கு நியாயமான இடம் கொடுக்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் அது தனியார் குடியிருப்புச் சங்கங்களின் ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே இன்றுவரை வழக்கும் வாதமும் ஓய்ந்தபாடில்லை. சட்டத்தை விட, சங்கக் கூட்டத்தில் நிறைவேறும் ஒரு தீர்மானம் விரைவில் பலன் தரும். உரிமம் இருக்க வேண்டும், மின்கம்பி பக்கத்தில் இருக்கக் கூடாது, எர்த் போட வேண்டும், புகார் வந்தால் சரிசெய்ய வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளோடு அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

செலவைக் கேட்டால், கம்பி, கயிறு, கேபிள், பைப் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். கருவிதான் விலை கூடியது. அதற்கும் வழி இருக்கிறது: ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் இருபது ஆண்டுகளுக்கும் முன்பே பிட்எக்ஸ் என்ற எளிய கருவியின் வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். கடையில் கிடைக்கும் சாதாரண உதிரிப் பாகங்களை வைத்து உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கட்டிப் பேசியிருக்கிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மின்னணுவியல் துறை மாடியில் ஒரு கம்பி தொங்கினால், மாணவர்கள் பாடப்புத்தகத்தில் வரைபடமாகப் பார்க்கும் ஆன்டெனாவைக் கையால் வெட்டி, கட்டி, அளந்து பார்ப்பார்கள். தேர்வுக்குப் பிறகு உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை இதைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கல்லூரியை விட்டுப் போன பிறகு வரும் உரிமத்தால் கல்லூரி நிலையத்துக்கு ஆள் கிடைக்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை மிஞ்சுகிறது. சூரியன் மறைந்த பின் அயனி மண்டலம் மெலிந்துவிடும். விடியலுக்கு முந்தைய மணிகளில் செங்குத்தாக அனுப்பும் 7 மெகாஹெர்ட்ஸ் திரும்பாமல் போகும். புயலோ நள்ளிரவிலும் கரையைக் கடக்கலாம். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்குக் கம்பி 40 மீட்டர் நீளம். நகரத்து மாடியில் அதற்கு இடம் கிடையாது. ஆனால் பல்லடம் கறிக்கோழிக்குப் பேர் போன ஊர். தறியின் இரைச்சலுக்கும் தெருவிளக்குக்கும் எட்டாத தொலைவில், கிழக்கு மேற்காக முந்நூறு அடி நீளத்துக்குக் கோழிப் பண்ணைகள் நிற்கின்றன. கோழிக்கு ஒரு மணி நேரம்கூட ஃபேன் நிற்கக் கூடாது என்பதால் பல பண்ணைகளில் ஜெனரேட்டர் தயாராக இருக்கிறது. இரவுக் காவலுக்கு ஆளும் இருக்கிறார். பண்ணையின் இரு கோடியிலும் தலா ஒரு பைப்பும், இடையில் கூரைத் தகரத்திலிருந்து விலகித் தோட்டத்துப் பக்கமாக ஒரு கம்பியும் கட்டினால், அந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல இரவு நிலையம் அமையாது. பண்ணையாளர்கள் சங்கமும் ஒரு கல்லூரியும் உட்கார்ந்து பேசினால் ஐப்பசி மழைக்கு முன் முதல் கம்பியை ஏற்றிவிடலாம். உரிமம் பெற்ற மாணவர் வார இறுதிகளில் அங்கே போய்ப் பேசிப் பழகவும், பண்ணை வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் படிக்கவும் அதுவே தொடக்கமாகும்.